அத்தியாயம் 6: துளையுள்ள குழலுக்கு எந்த ரவை, என்ன துப்புரவு

துவக்குக் குழலில் ஓட்டை விழுந்தால் அந்தத் துவக்கு முடிந்தது என்பது ஊர்க்கணக்கு. கண்டியைச் சுற்றிய தோட்டங்களில் காட்டுப்பன்றிக் காவலுக்குத் துவக்கு வைத்திருப்பவர்கள் இதைத்தான் சொல்வார்கள். குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாகக் கொண்டவர்களோ, நல்ல குழலின் மேற்புறத்தில் துளை இருக்கும் துப்பாக்கியைக் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. துளையுள்ள குழல் சுடும்போது அடங்கி நடக்கும். சுட்டு முடிந்த பிறகு, துடைக்க உட்கார்ந்தவரிடம் தன் குணத்தைக் காட்டும்.

சன்னம் குழலின் வாயைத் தாண்டும் கணத்தில், எரிந்த மருந்தின் வாயு அதன் பின்னால் கடும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதில் ஒரு பங்கை மேல்நோக்கித் திருப்பிவிட்டால், மேலே பாயும் வாயுவின் எதிர்விசை துப்பாக்கியின் முனையைக் கீழே அழுத்தும். முனை துள்ளுவது குறைந்தால் அடுத்த குறிக்குக் கண் சீக்கிரம் திரும்பும். இதற்கு இரண்டு வழிகள். குழலிலேயே துளையோ பிளவோ வெட்டுவது ஒன்று. இதைப் போர்ட்டிங் என்பார்கள். முனையில் தனிக் கட்டை ஒன்றைத் திருகிப் பூட்டுவது மற்றது; அதுதான் கொம்பன்சேட்டர். கட்டைக்குள் ஓர் அறையும் அதன் முன்னால் ஒரு தடுப்புச் சுவரும் இருக்கும். வாயு சுவரில் மோதி மேல் வாசலால் வெளியேறும். சன்னம் சுவரின் நடுத்துவாரத்தால் போய்விடும். அந்தத் துவாரம் சன்னத்தைவிடச் சற்றே அகலம், அவ்வளவுதான். இந்தச் சின்ன இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். துப்புரவுப் பேச்சு முழுவதும் அதைச் சுற்றியே வரும்.

யோசனை புதிதல்ல. அமெரிக்க மரைன் படை அதிகாரி ரிச்சர்ட் கட்ஸ் 1920களில் உருவாக்கிய கட்டை, 1928 மொடல் தொம்சன் துப்பாக்கியின் முனையில் ஏறியது. ஒஸ்திரியாவின் குளொக் நிறுவனம் 1990களில் குழலிலும் மேற்கூட்டிலும் பிளவு வெட்டிய 17சி, 19சி ஆகியவற்றைச் சந்தைக்கு விட்டது. 1976இல் தொடங்கிய ஐ.பி.எஸ்.சி. என்னும் செயல்முறைச் சுடும் விளையாட்டில், கைத்துப்பாக்கிக்கான ‘ஓப்பன்’ பிரிவு இத்தகைய கட்டைகளுக்கு இடம் கொடுக்கிறது. ‘புரொடக்‌ஷன்’, ‘ஸ்டாண்டர்ட்’ பிரிவுகள் கொடுப்பதில்லை.

கண்டியில் இதைப் பற்றிப் பேசுமுன் சட்டத்தைப் பேச வேண்டும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கைத்துப்பாக்கி என்றால் விடயம் பாதுகாப்பு அமைச்சு வரை போகும். துப்பாக்கி செய்வதற்கும் திருத்துவதற்கும் தனி உரிமம் வேண்டும். ஆகவே தெரிந்த லேத் பட்டறையில் குழலைக் கொடுத்து ‘சும்மா இரண்டு துளை’ போட்டு வாங்கும் யோசனையை முதலிலேயே கைவிட வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்க, தொழிலும் அதற்கு இடம் கொடாது. சாதாரணத் துரப்பணம் குழலின் உட்புறத்தில் பிசிறு விட்டுவிடும். ஒவ்வொரு சன்னமும் அந்தப் பிசிறில் உரசிக்கொண்டு போகும். தொழிற்சாலைகளில் மின்பொறியால் உலோகத்தை அரித்துத் துளையிடும் முறை இருப்பதற்குப் பிசிறில்லாத விளிம்பு ஒரு முக்கிய காரணம்.

துளையுள்ள குழலின் துப்புரவு ரவை வாங்கும்போதே தொடங்கிவிடுகிறது. தவறான ரவையால் சேரும் ஈயத்தை எந்த எண்ணெயும் முழுதாகக் கரைப்பதில்லை. ஆனால் இலங்கையில் ரவைத் தெரிவு என்பது கடைத்தட்டில் பத்து வகையைப் பார்த்துப் பொறுக்குவதல்ல. வணிக வெடிபொருள்களையும் ரவைகளையும் கையாளும் கடற்படைப் பிரிவு வெலிசறையில் இருக்கிறது. 2024 நவம்பரில் தற்காப்புக்கு வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டபோது காட்டிய இடமும் அதுவே. அனுமதிப்பத்திரத்தில் குறித்த அளவுக்கு, கிடைக்கும் வகையில் வாங்கி வருவதுதான் நடைமுறை. வீட்டில் மருந்து நிரப்பிப் பார்ப்பது 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டத்தோடு விளையாடுவது. இந்த நூல் அந்தப் பக்கம் போகாது. கிடைக்கும் இரண்டு மூன்று பெட்டிகளில் எது இந்தக் குழலுக்கு ஏற்றது என்று பெட்டியின் எழுத்தைப் படித்துத் தெரிந்துகொள்வதுதான் இங்கு தேவைப்படும் திறமை.

முதலில் சன்னத்தின் அடிப்பாகம். 9 மில்லிமீற்றர் பெட்டிகளில் மிகப் பழக்கமான எழுத்து எஃப்.எம்.ஜே. பெயர் ‘முழு உறை’ என்றாலும் உறை முழுமையானதல்ல. செப்புத் தகடு மூக்கிலிருந்து பின்னோக்கி மடிக்கப்படுவதால் அடியில் ஈயம் திறந்தே கிடக்கும். எரியும் மருந்தின் சூடு அந்த ஈயத்தை நக்கி எடுக்கிறது. துளையில்லாத குழலில் அந்த ஈயப் புகை சன்னத்தோடு முன்னால் போய்விடும். துளையுள்ள குழலில் வாயு திசை திரும்புகிற இடமெல்லாம் அது படியும். கொம்பன்சேட்டரின் முதல் தடுப்புச் சுவர் அதற்குப் பிடித்த இடம். டி.எம்.ஜே., சி.எம்.ஜே. என்று எழுதிய சன்னங்களுக்கு அடியும் மூடியிருக்கும். மூக்கில் குழியுள்ள ஜே.எச்.பி. வகையில் உறை அடியிலிருந்து மேலே இழுத்துச் செய்யப்படுவதால் அதன் அடியும் மூடியதுதான். போட்டிச் சுடுநர் ஓப்பன் துப்பாக்கிக்கு ஜே.எச்.பி. தேடுவதற்குச் சுத்தமும் ஒரு காரணம். கிடைத்தால் மூடிய அடி, கிடைக்காவிட்டால் எஃப்.எம்.ஜே. வாங்கிச் சுட்டு, அடிக்கடி துடைப்பது. இரண்டாவது வழியால் துப்பாக்கிக்குக் கேடில்லை, மனிதருக்குத்தான் வேலை.

உறையே இல்லாத ஈயச் சன்னமும், மெல்லிய செப்பு முலாம் பூசிய சன்னமும் வேறு கதை. துளையின் விளிம்பு அவற்றைத் துருவிவிடும். துருவிய துணுக்கு கட்டைக்குள் ஒட்டிக்கொள்ளும், சில நேரம் மேல் வாசலால் தெறிக்கவும் செய்யும். நிறப்பூச்சு ஏற்றிய ஈயச் சன்னங்கள் கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் பூச்சு உருகி, கரியோடு கலந்து, தார்போல இறுகும். உறையில்லாத ஈயச் சன்னத்தைத் தன் குழலில் சுடவேண்டாம் என்று குளொக் நிறுவனம் துளையில்லாத துப்பாக்கிகளுக்கே சொல்கிறது. துளையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது எடை. கொம்பன்சேட்டர் வாயுவைத் தின்று வாழ்வது. வாயு குறைந்தால் அது வெறும் பாரம். கனமான சன்னத்தை மெதுவாகத் தள்ளும் 147 கிரெய்ன் ரவையில் மருந்து குறைவு, குழல்வாயில் அழுத்தமும் குறைவு. அதைச் சுட்டுவிட்டுக் கட்டையைக் குறை சொல்வதில் நியாயமில்லை. 115 கிரெய்ன், 124 கிரெய்ன் ரவைகளில் கட்டை தன் வேலையைச் செய்யும். ஐரோப்பியப் பெட்டிகளில் இதே எடைகள் 7.5 கிராம், 8 கிராம் என்று இருக்கும். முனையில் பாரம் ஏறிய குழல் பின்வாங்கித் திறக்கச் சற்றுத் தாமதிக்கும் என்பதால், பலம் குறைந்த ரவையில் கோது வெளியே விழாமல் சிக்குவதும் உண்டு. ஸ்பிரிங்கை மாற்றுமுன் ரவையை மாற்றிப் பார்ப்பது மலிவான சோதனை.

போட்டிக் கணக்கும் இங்கேதான் வருகிறது. சன்னத்தின் கிரெய்ன் எடையைச் செக்கனுக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பவர் ஃபெக்டர். ஐ.பி.எஸ்.சி. ஓப்பன் பிரிவில் ‘மேஜர்’ என்று கணிக்க 160 வேண்டும், ‘மைனர்’ என்றால் 125 போதும். 124 கிரெய்ன் சன்னம் 1,150 அடி வேகத்தில் போனால் கிடைப்பது 142.6. மேஜரைத் தொட அதே சன்னம் ஏறத்தாழ 1,300 அடியில் பறக்க வேண்டும். அந்த வேகத்துக்கான ரவை, அதற்கென்றே செய்த துப்பாக்கிக்கு உரியது. தொழிற்சாலை ரவையோடு பழகுபவர் மைனரில் நின்றுகொள்வதில் எந்தக் குறையும் இல்லை. ‘பிளஸ் பி’ என்று, கூடிய அழுத்தத்தைக் குறிக்கும் முத்திரையுள்ள ரவையை, துப்பாக்கியின் கையேடு அனுமதித்தால் தவிர ஏற்றக்கூடாது.

பழைய இருப்பு ரவை கையில் வந்தால் இன்னொரு எச்சரிக்கை. குளோரேட் கலந்த பழைய எரிமூட்டிகள் குழலில் உப்பை விட்டுப் போகும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துரு பிடிக்க வைக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சந்தேகமான ரவையைச் சுட்ட அன்றே சுடுநீரால் குழலையும் துளைகளையும் அலசி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் இட வேண்டும். கறுப்பு மருந்து போட்டுச் சுடும் கிராமத்துத் துவக்குக்காரர்கள் சுடுநீரைத்தான் நம்புவார்கள். இந்த விடயத்தில் அவர்கள் செய்வது சரி.

இதுவரை சொன்னது நெருப்பு மருந்துத் துப்பாக்கி. கண்டியில் இருந்துகொண்டு இந்த விளையாட்டைத் தொடங்கும் ஒருவருக்குத் துளையுள்ள குழல் முதன்முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் 10 மீற்றர் காற்றுப் பிஸ்டலில்தான். ஸ்டெயர் எல்.பி.10இன் குழலில் துளைகள் உண்டு. மொரினி, ஃபைன்வெர்க்பவ், வால்தர் போட்டிப் பிஸ்டல்களின் முனையிலும் காற்றைப் பிரித்துவிடும் அமைப்பு உண்டு. சர்வதேசச் சுடும் விளையாட்டுச் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப்.இன் இன்றைய விதிகள் 25 மீற்றர் பிஸ்டல்களுக்கு இதைத் தடுக்கின்றன, காற்றுப் பிஸ்டலுக்கு அனுமதிக்கின்றன. .22 ஷோர்ட் ரவையில் நடந்த பழைய ரெப்பிட் ஃபயர் போட்டியில், 2004 முடியும்வரை, துளையிட்ட குழல்கள் சாதாரணமாக இருந்தன. .22 சன்னத்தின் மெழுகும் ஈயமும் அந்தத் துளைகளை அடைப்பது அக்காலத்துச் சுடுநர்களின் நிரந்தரத் தலைவலி.

காற்றுப் பிஸ்டலில் எரிவதற்கு எதுவுமில்லை. அழுக்கு என்பது ஈயத் தூளும் சன்னத்தின் மேலுள்ள மசகும்தான். 4.5 மில்லிமீற்றர் தட்டைமூக்குச் சன்னங்களில் பிஸ்டலுக்கு ஏற்றவை சுமார் அரைக் கிராமும் அதற்குச் சற்றுக் குறைவும் எடையுள்ளவை. ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அன்ட் என் ஃபினாலே மெட்ச் போன்றவை தலையளவு வாரியாக 4.49, 4.50 என்று வருகின்றன. எந்த அளவு தன் குழலில் குவிந்து விழுகிறது என்று பார்த்து, ஒரே அளவில் நிற்பது நல்லது. விளிம்பு நசுங்கிய சன்னத்தை ஒதுக்கிவிட வேண்டும். துளையின் விளிம்பில் துருவப்படுவது முதலில் அதுதான். துப்புரவுக்குக் கம்பளி உருண்டைகளே போதும். பின்பக்கத்திலிருந்து ஒன்றிரண்டைச் சன்னம் போலவே ஏற்றிச் சுட்டால் தூள் வெளியே வந்துவிடும். ஐந்நூறு முதல் ஆயிரம் சுடுகைக்கு ஒரு முறை தாராளம். டபிள்யூ.டி.-40 போன்ற தெளிப்பான்களை உள்ளே அடிப்பது இரப்பர் வளையங்களுக்குப் பகை.

காற்றுப் பிஸ்டலின் பொறிமுறையைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் 10 மீற்றர் தகுதிச் சுற்றில் இந்தியாவின் மனு பாகரின் பிஸ்டல் நடுவில் பழுதாகி நேரம் போனது. 575 புள்ளிகள் எடுத்தும் இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்றை இழந்தார். அது அழுக்கால் வந்த பழுதல்ல. இருந்தாலும் போட்டிக்கு முந்தைய இரவில் எதையும் கழற்றிப் பார்க்கும் ஆசை உள்ளவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

இனி நெருப்பு மருந்துக் குழலின் துப்புரவு. ரவைக்கூட்டைக் கழற்றி, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, ரவைப் பெட்டியை வேறு அறைக்கு அனுப்பிய பிறகே வேலை. துளையில்லாத குழலில் பழகிய கை இங்கே இரண்டு பிழைகள் செய்யும். வெண்கலத் தூரிகையை முன்னும் பின்னும் இழுத்து ஆட்டுவது முதல் பிழை. துளைக்கு நேரே தூரிகையின் திசையை மாற்றினால் இழைகள் துளைக்குள் நிமிர்ந்து, முறிந்து, அங்கேயே தங்கும். தூரிகை அறைப்பக்கம் நுழைந்து வாய்ப்பக்கம் முழுதாக வெளியேறிய பிறகுதான் திரும்ப வேண்டும். துணியும் அப்படியே. துளையின் விளிம்பில் துணி நூல் விட்டுச் சிக்கினால், அடுத்த சூட்டில் அந்த நூல் கருகி ஒட்டும்.

இரண்டாவது பிழை, துளையைக் குடைவது. ஆணி, துரப்பண அலகு, ஸ்குரூ டிரைவர் எதுவும் துளைக்குள் போகக்கூடாது. வாயு எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்பதைத் துளையின் விளிம்பு தீர்மானிக்கிறது. ஒரு பக்க விளிம்பு கீறப்பட்டுவிட்டால் அதைத் திருப்பி வைக்க வழியில்லை. கரைப்பானில் குழலின் முனையை மட்டும் சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பற்தூரிகையாலும் மூங்கில் குச்சியாலும் தேய்த்தால் வருகிற கரி போதும். பித்தளைச் சுரண்டி தடுப்புச் சுவரின் தட்டையான முகத்துக்கு மட்டும்.

கறுப்பைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. கட்டைக்குள் படியும் மெல்லிய கரிப்படலம் கேடு செய்யாது. அதைப் பளபளக்க வைக்க முயல்பவர்தான் அதிகம் கேடு செய்கிறார். பார்க்க வேண்டியது அந்த நடுத்துவாரத்தை. ஈயம் திரண்டு துவாரத்தின் ஓரத்தை ஒரு பக்கமாக நெருக்கினாலோ, ஓரத்தில் புதிதாகச் செப்புக் கீற்று மின்னினாலோ சன்னம் சுவரில் உரசுகிறது என்று பொருள். அன்று சுடுவதை நிறுத்த வேண்டும். கட்டை தளர்ந்திருக்கலாம், திருகு வரிசை கோணியிருக்கலாம்; திருத்துநரிடம் காட்டாமல் இன்னொரு ரவை ஏற்றக்கூடாது. இந்த அறிகுறிகள் இல்லாத வேளைகளில் கட்டையைக் கழற்றத் தேவையே இல்லை. பல கட்டைகள் சூட்டால் மட்டுமே இளகும் பசையிட்டுப் பூட்டப்பட்டவை.

கட்டை எந்த உலோகம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். துருப்பிடியா உருக்கு வழக்கமான கரைப்பான்களைத் தாங்கும். அலுமினியக் கட்டை காரமான கழுவு நீரில் அரிக்கும். செம்பைக் கரைக்கும் அமோனியாக் கரைப்பானை நிக்கல் முலாமுள்ள குழலில் நெடுநேரம் விடக்கூடாது.

ஈயத்தை அகற்ற வினாகிரியும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் கலந்த குளியல் ஒன்று சுடுநர்களிடையே பிரசித்தம். ஈயம் கண்முன்னே கரையும், உண்மைதான். கரைந்து உருவாகும் ஈய அசிற்றேற் தோலின் ஊடாகவும் உடலில் ஏறக்கூடிய நஞ்சு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நீலம் பூசிய குழலின் நிறமும் அதில் போய்விடும். பித்தளை விளக்குக்குச் செய்வதுபோல் தேசிக்காயால் தேய்ப்பதும் உருக்கில் துருவுக்கு அழைப்பு.

கண்டியின் காற்று இந்த வேலையில் மூன்றாவது ஆள். ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், சுற்றிலும் மலை, பக்கத்தில் மகாவலி; பெரும்பாலான மாதங்களில் ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல். சுமார் 60 வீதத்தைத் தாண்டினாலே இரும்பில் துரு வேகம் பிடிக்கும். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொண்டுபோய், 2023இல் நெதர்லாந்து திருப்பித் தந்த லெவ்கே பீரங்கியை அழகு குறையாமல் பார்க்க முடிவதற்கு அது வெண்கலம் என்பதும் ஒரு காரணம். உருக்குக் குழலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. துளையின் உட்சுவரில் நீலப் பூச்சு எளிதில் தேய்வதால் துரு முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான்.

நுவரெலியாவின் குளிரிலிருந்து கீழே இறங்கிய துப்பாக்கியையோ, குளிரூட்டிய வாகனத்திலிருந்து எடுத்ததையோ உடனே உறைக்குள் மூடி வைக்கக்கூடாது. குளிர்ந்த உருக்கில் ஈரம் பூக்கும். வெப்பம் சமமாகும்வரை, தன் கண்பார்வையிலேயே, திறந்து வைத்துத் துடைக்க வேண்டும். தோலுறை பயணத்துக்கு மட்டும். அதற்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்தால் தோலிலுள்ள ஈரமும் உப்பும் குழலைத் தின்னும். ஒக்டோபர், நவம்பர் இடிமழைக் காலத்தில் சுடாத துப்பாக்கியையும் வாரம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது வீண் வேலையல்ல. பூட்டிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, நிறம் மாறியதும் மாற்ற வேண்டும்.

எண்ணெய் விடயத்தில் ஊர்ப்பழக்கம் ஒன்றை விடவேண்டும். தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகையில் உறையும். ஜனவரி மாதத்துக் கண்டி விடியலில் வெப்பநிலை 20க்குக் கீழே இறங்குவதால், துளைக்குள் விட்ட எண்ணெய் வெள்ளை மெழுகாக உட்கார்ந்திருக்கும், நாட்பட்டால் பிசினாகும். மண்ணெண்ணெய் கரியைக் கழுவும், ஆனால் உலர்ந்த பிறகு காவல் நிற்காது. சிறப்பு எண்ணெய் கிடைக்காத இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் மெல்லிய கனிம எண்ணெய் என்பதால் கைகொடுக்கும்.

ஈயம் பட்ட துணிகளைப் பொலித்தீன் பையில் கட்டித் தனியே வைக்க வேண்டும், எரிக்கக்கூடாது. கழுவிய கரைப்பானைக் குசினித் தொட்டியிலோ வடிகாலிலோ ஊற்றுவது நகருக்கே செய்யும் தீங்கு. கண்டி வாவியின் வடிநீரைச் சுமக்கும் மெதஎல மகாவலியில்தான் சேர்கிறது, நகரத்துக் குடிநீரும் அதே மகாவலியிலிருந்து கெட்டம்பேயில் எடுக்கப்படுகிறது. வேலை முடிந்ததும் தேநீருக்குக் கை நீட்டுமுன் குளிர்ந்த நீரும் சவர்க்காரமும். சாப்பாட்டு மேசையில் குழலைக் கழற்றுவது, அதுவும் பிள்ளைகள் உள்ள வீட்டில், எந்தச் சூழலிலும் ஆகாது.

அடுத்த முறை சுடுமுன் குழலையும் துளைகளையும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துளையில் தேங்கிய எண்ணெய் முதல் சூட்டிலேயே மேலே தெறித்து, சிவப்புப் புள்ளிக் குறிக்கண்ணாடியிலும் சுடுநரின் பாதுகாப்புக் கண்ணாடியிலும் படியும். அப்படிப் படிந்தால் விரலால் தேய்க்காமல், ஊதிவிட்டு, வில்லைத் தாளால் மெதுவாக எடுக்க வேண்டும். எண்ணெய் பட்ட குழலின் முதல் சில சன்னங்கள் குறி விலகி விழலாம் என்பதால், அவற்றைப் பார்த்துவிட்டுக் குறிமானியைத் திருகக்கூடாது.